மெட்ரோபொலிஸா, வுல்ஃபா: ஐசிங் மாதிரியை எதில் ஓட்டுவது?

இரு பரிமாண ஐசிங் மாதிரிக்கு, அதாவது மேலோ கீழோ நோக்கும் சிறு காந்தங்களை (ஸ்பின்கள்) கட்டத்தில் அடுக்கிய காந்த மாதிரிக்கு, நிரல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மெட்ரோபொலிஸ் முறையில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். 1953இல் லாஸ் அலமோஸில், மேனியாக் கணினியில் பிறந்த முறை அது. அதை அறிவித்த கட்டுரையில் ஐந்து பேரின் பெயர்கள் இருக்கின்றன. நிரலை எழுதியவர் அரியானா ரோசன்ப்ளூத். அவர் பெயர் முறையோடு ஒட்டாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வேலை எளிது. ஒரு ஸ்பின்னை எடுத்துக்கொள்கிறோம். கவிழ்த்தால் ஆற்றல் குறையுமானால் கவிழ்த்துவிடலாம். கூடுமானால், ஆற்றல் கூடக் கூடக் குறையும் போல்ட்ஸ்மான் காரணி தரும் வாய்ப்பின்படி மட்டும். சதுரக் கட்டத்தில் ஆற்றல் மாற்றத்துக்கு ஐந்தே மதிப்புகள்தான், முன்கூட்டியே ஓர் அட்டவணையில் போட்டுவைக்கலாம்.

காந்தத்தன்மை தோன்றி மறையும் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கியதும்தான் இது திணறும். அண்டை ஸ்பின்களுக்கு இடையிலான இணைப்பு வலிமையையும் போல்ட்ஸ்மான் மாறிலியையும் 1 என வைத்தால் அது 2.269. அங்கே நான்கு பக்கமும் தன்னைப் போலவே நிற்கும் ஸ்பின் கவிழ 3 சதவீத வாய்ப்புகூட இல்லை. தப்பித்தவறிக் கவிழ்ந்தாலும், அண்டையில் எதுவும் மாறாதவரை, மறுபடி அதைத் தொட்டதும் பழையபடி திரும்பிவிடும். திரையில் பார்த்தால் ஒரே திசையில் நிற்கும் பெரிய திட்டுகளின் ஓரங்கள் மட்டும் அரிக்கின்றன, நடுப்பகுதி அசைவதே இல்லை. கட்டத்தின் பக்கத்தை இரட்டித்தால் பழைய நிலையை மறக்க ஆகும் சுற்றுகள் ஏறக்குறைய நாலரை மடங்காகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மடங்கு ஸ்பின்கள் வேறு. ஆக, வேலை 18 மடங்கு.

உல்லி வுல்ஃப் 1989இல் திட்டையே பிடித்துப் புரட்டினார். ஏதாவதொரு ஸ்பின்னில் தொடங்கி, அதே திசையில் நிற்கும் அண்டைகளை ஒரு குறிப்பிட்ட வாய்ப்போடு கொத்தில் சேர்க்க வேண்டும்; மாறுநிலையில் அந்த வாய்ப்பு 58.6 சதவீதம். புதிதாகச் சேர்ந்தவற்றின் அண்டைகளுக்கும் அதே சோதனை. கொத்து வளர்ந்து நின்றதும் மொத்தமாகக் கவிழ்த்துவிடலாம், நிராகரிப்பே கிடையாது. பக்கத்தை இரட்டித்தால் மறதிக்காலம் 20 சதவீதம் போலத்தான் கூடுகிறது. 1987இல் வந்த ஸ்வெண்ட்சன்–வாங் முறை கட்டம் முழுவதையும் கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாணயம் சுண்டுவதுபோல் திசை தருகிறது. பல செயலிகளில் பிரித்து ஓட்ட அது வசதி. ஒரே செயலியில் ஓட்டுவதானால் நான் வுல்ஃபையே எடுப்பேன்.

ஆனால் வுல்ஃப் எல்லா இடத்துக்கும் ஆகாது. மிக உயர்ந்த வெப்பநிலையில் கொத்து ஓரிரு ஸ்பின்னோடு நின்றுவிடும். மிகத் தாழ்ந்தால் ஏறக்குறைய முழுக் கட்டமும் கவிழும். ஸ்பின் கண்ணாடி போல இணைப்புகள் ஒன்றோடொன்று முரண்படும் மாதிரிகளில் அந்தக் கொத்துக்குப் பயனே இல்லை. அங்கெல்லாம் மெட்ரோபொலிஸ்தான் கைகொடுக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1992இல் ஃபெர்ரன்பெர்க், லாண்டாவ், வோங் மூவரும் அப்போது நல்லவை என்று நம்பப்பட்ட சமவாய்ப்பு எண் ஆக்கிகளோடு (வாய்ப்பைச் சோதிக்க எண்களைத் தரும் நிரல்கள்) வுல்ஃபை ஓட்டினார்கள். ஆற்றல் தவறாக வந்தது. அதே ஆக்கியோடு மெட்ரோபொலிஸ் அந்த அளவுக்குப் பிசகவில்லை. சிறிய கட்டத்துக்குத் துல்லியமான விடை முன்பே தெரிந்திருந்ததால்தான் பிழை அகப்பட்டது. அதனால் வுல்ஃப் நிரல் எழுதினால் பெரிய கட்டத்துக்குப் போகுமுன் 16×16இல் ஓட்டி, தெரிந்த விடையோடும் மெட்ரோபொலிஸ் தரும் ஆற்றலோடும் ஒத்துப்பாருங்கள்.