நெட்சிடிஎஃப், ஜிடால், சிடிஓ: எந்த இயங்குதளத்தில் நிறுவுவது?

வானிலை, கடல், செயற்கைக்கோள் தரவுகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்குத் தேவைப்படும் மென்பொருள்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அடியில் மற்ற நிரல்கள் நம்பியிருக்கும் நூலகங்கள்: தரவுக் கோப்புகளைப் படித்து எழுதும் எச்டிஎஃப்5, நெட்சிடிஎஃப், வரைபடத் திட்டங்களுக்கான ப்ரோஜ், புவியியல் படங்களைக் கையாளும் ஜிடால். அவற்றின் மேல், அந்தத் தரவில் கணக்கிடும் சிடிஓ, என்சிஓ கட்டளைக் கருவிகள், பைத்தானின் எக்ஸ்அரே. தேவையைப் பொறுத்து செயற்கைக்கோள் படங்களுக்கான ஸ்னாப், கடல் நிறத் தரவுக்கான சீடாஸ். லினக்ஸின் ஒரு வடிவமான உபுண்டு, விண்டோஸ், மேக் மூன்றிலும் இவற்றை எப்படியாவது ஓட வைத்துவிடலாம். நான் தேர்ந்தெடுத்தது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்கும் அதையே சொல்வேன். வேகமோ இலவசமோ அதற்குக் காரணம் அல்ல. இன்று நிறுவியது அடுத்த வருடமும் உடையாமல் அதே விடையைத் தருமா என்பதுதான் கேள்வி. அதில்தான் மூன்றும் வெகுவாக விலகுகின்றன.

கணினியின் விலை, திரையின் அழகு, கை பழகியது எது என்பதெல்லாம் அவரவருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

விண்டோஸில் ஸ்னாப், வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் இரண்டும் நேரடியாக நிறுவிக்கொள்ளும். தொகுப்புகளை நிறுவித்தரும் கோண்டா வழியாக ஜிடாலும் எக்ஸ்அரேயும் சிரமமில்லாமல் வந்துவிடும். வேலை இத்தோடு முடிகிறது என்றால் இயங்குதளத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு அடுத்த படியில்தான் தொல்லை. சிடிஓவை ஓட்டுவதற்கு, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்தான் நடைமுறையில் உள்ள வழி. சீடாஸ் இன்னும் ஏமாற்றும். அதன் வரைகலை முகப்பு விண்டோஸில் நிறுவப்பட்டு, படங்களையும் திறந்து காட்டும். ஆனால் மூலத் தரவைக் கடல் நிறத் தரவாக மாற்றுகிற ஓசிஎஸ்எஸ்டபிள்யூ செயலிகள் லினக்ஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே உண்டு. பாதி வேலை முடிந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

கோப்புப் பெயரிலும் ஒரு வம்பு இருக்கிறது. டபிள்யூஆர்எஃப் வானிலை மாதிரியின் வெளியீட்டுக் கோப்புகள் நேரத்தை முக்காற்புள்ளியோடு பெயரில் சுமந்து வரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்பதில்லை. நகலெடுப்பது பாதியில் நிற்கும், அல்லது பெயர் சிதைந்து, பெயரைப் பார்த்துத் தேதியைப் பிரிக்கும் உங்கள் நிரல் தடுமாறும். மாதிரியை ஓட்டும் முன்பே அதன் அமைப்புக் கோப்பான நேம்லிஸ்டில் ‘நோகோலன்ஸ்’ தெரிவை இயக்கிவிட்டால் தப்பிக்கலாம்.

விண்டோஸை விட முடியாதவர்களுக்கு டபிள்யூஎஸ்எல்2 நல்ல வழி. உள்ளே ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு. நிர்வாகி உரிமையோடு ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம், பயாஸில் மெய்நிகராக்கம் இயங்கினால் போதும். மூன்று இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது நினைவகம். இயல்பாக அது கணினியின் ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கணினியில் 8 ஜிபி. பெரிய நெட்சிடிஎஃப் கோப்பை மொத்தமாக ஏற்றும்போது ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை செத்துப்போகும், வேறு எந்த விளக்கமும் வராது. பயனர் கோப்புறையில் டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பை உருவாக்கி நினைவக அளவை 12 ஜிபி என்று எழுதி, டபிள்யூஎஸ்எல்லை முழுதாக நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டாவது, தரவை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து படிப்பது. இரண்டு கோப்பு முறைமைகளுக்கும் நடுவில் ஒரு வலையமைப்பு நெறிமுறை உட்கார்ந்திருப்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும் வேலை நத்தையாக நகரும். தரவை லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வைத்தால் சரியாகிவிடும். மூன்றாவது, அந்த லினக்ஸ் வட்டு விண்டோஸ் பக்கம் ஒரே பெரிய கோப்பாக இருக்கும். வளரும், ஆனால் உள்ளே 200 ஜிபியை அழித்தாலும் இயல்பான அமைப்பில் தானாகச் சுருங்காது. டபிள்யூஎஸ்எல்லை நிறுத்திவிட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்த வட்டைத் தேர்ந்தெடுத்து ‘காம்பேக்ட்’ செய்ய வேண்டும்.

மேக்கை நான் அன்றாடம் பயன்படுத்துபவன் அல்ல, அதனால் நிறுவும்போது வருகிற சிக்கல்களோடு நிறுத்திக்கொள்கிறேன். 2020 இறுதியில் ஆப்பிளின் சொந்தச் செயலியான எம்1 வந்த பிறகு இங்கே இரண்டு உலகங்கள். மேக்கில் மென்பொருள்களை நிறுவித்தரும் ஹோம்ப்ரூ பழைய இன்டெல் மேக்கில் ஓர் இடத்திலும் புதிய மேக்கில் வேறோர் இடத்திலும் நிறுவப்படுகிறது. பாதையை நேரடியாக எழுதிவைத்த பழைய நிரல்கள் அங்கேயே தடுக்கி விழும். இன்டெல் நிரல்களைப் புதிய மேக்கில் ஓடவைக்கும் ரோசெட்டா வழியாக ஓடும் இன்டெல் டெர்மினலில், கோண்டாவின் நிறுவியான மினிஃபோர்ஜை நிறுவினால் உள்ளே வருவதெல்லாம் இன்டெல் தொகுப்புகள். மூல நிரலிலிருந்து புதிதாகத் தொகுக்கும்போது (கம்பைல்) கட்டமைப்பு பொருந்தவில்லை என்ற பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஜிசிசி என்ற தொகுப்பியை (கம்பைலர்) அழைத்தாலும் மேக்கில் பதில் சொல்வது கிளாங் என்ற வேறொரு தொகுப்பி. அதோடு, நிரலைப் பல கோர்களில் ஓட்ட உதவும் ஓபன்எம்பி வராது, தனியாக நிறுவ வேண்டும். ஃபோர்ட்ரான் வேண்டுமென்றால் ஹோம்ப்ரூவின் ஜிசிசியைப் போட்டே ஆக வேண்டும். பராமரிப்பில் மேக் எனக்குப் பிடிக்காத இடம் ஹோம்ப்ரூவின் மேம்படுத்தல். ஏதோ ஒன்றைப் புதுப்பிக்கப் போனால் நெட்சிடிஎஃப்பும் சேர்ந்து மேலேறும். அதை நம்பி நீங்கள் கையால் தொகுத்த நிரல் மறுநாள் நூலகம் ஏறவில்லை என்று நிற்கும். முக்கியமான தொகுப்புகளை ஹோம்ப்ரூவில் ‘பின்’ செய்து, பதிப்பு மாறாமல் நிறுத்திவைப்பது ஓரளவு காக்கும். ஆய்வு மென்பொருளை ஹோம்ப்ரூவில் வைக்காமல் கோண்டாவுக்குள் வைப்பது அதைவிட நல்லது.

இனி உபுண்டு. கணினிக்குரியதும் ஆய்வுக்குரியதும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே அடிப்படை. உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாகப் போடுவது பில்ட்எசென்ஷியல், ஜிஃபோர்ட்ரான், கிட், கர்ல், டிசிஷெல் அவ்வளவுதான். கடைசியதைச் சேர்க்கக் காரணம், பழைய ஆய்வு ஸ்கிரிப்டுகளில் பல சிஷெல்லில் எழுதப்பட்டவை. அது இல்லாவிட்டால் முதல் வரியிலேயே நிற்கும். மற்ற எல்லாம் ஹோம் கோப்புறையில் நிறுவிய மினிஃபோர்ஜுக்குள், சூடோ (நிர்வாகி உரிமை) இல்லாமல். அடிப்படைச் சூழலைத் தொடாமல் புதுச் சூழல் ஒன்றை உருவாக்கி, பைத்தான், எக்ஸ்அரே, நெட்சிடிஎஃப்4, எச்5பை, ஜிடால், சிடிஓ, என்சிஓ அனைத்தையும் ஒரே கட்டளையில் கேளுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் நான்காவது தொகுப்பு இரண்டாவதின் பதிப்பை மாற்றிவிடலாம். சேர்த்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எச்டிஎஃப்5 கிடைக்கும்.

அந்த ஒரே எச்டிஎஃப்5 என்பது சின்ன விஷயம் அல்ல. பைத்தானின் நிறுவியான பிப் வழியாக நெட்சிடிஎஃப்4ஐயும் எச்5பையையும் தனித்தனியாக நிறுவினால் ஒவ்வொன்றும் தன் சொந்த எச்டிஎஃப்5 நகலை மூட்டை கட்டிக்கொண்டு வரும். ஒரே நிரலில் இரண்டையும் இறக்குமதி செய்யும்போது, எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்துக் கோப்பு திறக்கலாம், திறக்காமலும் போகலாம். வரிசையை மாற்றினால் ஓடுகிற நிரல் என்று கேள்விப்பட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இதற்கு அண்ணனான பிழை எல்டி லைப்ரரி பாத், அதாவது நூலகங்களை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் சூழல் மாறி (வேரியபிள்). பழைய நிறுவல் குறிப்புகள் பல இந்த மாறியை பாஷ் அமைப்புக் கோப்பில் எழுதச் சொல்கின்றன. எழுதிவிட்டால், கோண்டாவுக்குள் இருக்கும் கருவிகள்கூட வெளியே கிடக்கும் வேறு பதிப்பு நூலகத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்போது, தலைப்புக் கோப்புகள் ஒரு பதிப்பு, நூலகம் வேறு பதிப்பு என்று எச்டிஎஃப்5 எச்சரித்துவிட்டு நிரலையே நிறுத்திவிடும். எல்டிடி கட்டளையால் அந்த நிரல் எந்த நூலகத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். பாதை கோண்டா கோப்புறைக்கு வெளியே போனால் அந்த மாறியை நீக்குங்கள். வரைபடத் திட்டங்களுக்கான ப்ரோஜ் தரவுத்தளம் கிடைக்கவில்லை என்ற பிழையும் இதே வகை: வேறொரு நிறுவி எழுதிவைத்த ப்ரோஜ் பாதைக்கான சூழல் மாறி, பழைய தரவுத்தளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸில் இது இன்னும் அடிக்கடி வரும்.

உபுண்டுவுக்கும் குறைகள் உண்டு. தொகுத்த வடிவில் இறக்கிய மென்பொருள், லினக்ஸின் அடிப்படை நூலகமான ‘ஜிலிப்சி 2.38 இல்லை’ என்று மறுக்கலாம். உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, 24.04இல் 2.39. பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும், புதியதில் தொகுத்தது பழையதில் ஓடாது. இதற்காக ஜிலிப்சியைக் கையால் ஏற்றப் போகாதீர்கள். சாதாரண கட்டளைகள்கூட அதை நம்பியிருப்பதால் முழுக் கணினியும் முடங்கும். கோண்டா பதிப்பைத் தேடுங்கள், இல்லையென்றால், மென்பொருளை அதற்கு வேண்டிய நூலகங்களோடு அடைத்துவைக்கும் ஆப்டெய்னர் கொள்கலனில் ஓட்டுங்கள். 24.04இல் கணினியின் பைத்தானுக்குள் பிப் நிறுவ மறுப்பதும் வேண்டுமென்றே வைத்த தடைதான். அதை உடைக்கும் தெரிவு இருக்கிறது என்பதற்காகப் பயன்படுத்த வேண்டாம். என்விடியா அட்டை உள்ள கணினியில் கெர்னல் புதுப்பித்தலுக்குப் பிறகு டிரைவர் ஏறாமல் போவதும் உண்டு. பெரிய கணக்கீடு ஓடும் வாரத்தில் கெர்னலைத் தள்ளிப்போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உபுண்டு பக்கம் நிற்கிறேன் என்றால், அதன் பிழைகளுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்த முடிகிறது என்பதால்தான். 22.04க்கு 2027 வரை, 24.04க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நீங்களாகப் பதிப்பை உயர்த்தாதவரை அடியில் இருக்கும் நூலகங்கள் பெரிதாக நகராது. பல கணினிகளை இணைத்த க்ளஸ்டருக்கு வேலையை நகர்த்தும் நாளில் அங்கேயும் லினக்ஸ்தான்: 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேகக் கணினிகளின் டாப்500 பட்டியலில் உள்ள கணினிகள் எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே வலையமைப்பு வட்டில் எச்டிஎஃப்5 கோப்பைப் பூட்ட முடியவில்லை என்று நின்றால், அதே கோப்பில் வேறு யாரும் எழுதவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கோப்புப் பூட்டுக்கான சூழல் மாறியை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

எந்த இயங்குதளமானாலும், சூழல் ஒழுங்காக ஓடுகிற அன்றே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். கோண்டாவின் தொகுப்புப் பட்டியலை ‘எக்ஸ்ப்ளிசிட்’ தெரிவுடன் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். அதே இயங்குதளத்தில், அதே வகைச் செயலியில் அச்சு அசலான சூழலைத் திரும்பக் கட்ட அது போதும், மேக்குக்கும் லினக்ஸுக்கும் இடையே மட்டும் உதவாது. கூடவே ஒரு சிறிய நெட்சிடிஎஃப் கோப்பையும் சிடிஓவில் கணக்கிட்ட அதன் பரப்புச் சராசரியையும் சேமித்து, ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் அதைத் திரும்ப ஓட்டுங்கள். இன்டெல்லிலிருந்து எம் தொடர் செயலிக்கு மாறும்போது கடைசி இலக்கங்கள் மாறுவது இயல்பு, அதனால் கோப்பின் செக்சம்மை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடாமல் எண்களை ஒரு சகிப்பு எல்லைக்குள் ஒப்பிடுங்கள். ஒரே கணினியில், அதே கோப்புக்கு மூன்றாவது இலக்கத்திலேயே வித்தியாசம் வந்தால் புதிய சூழலில் வேலையைத் தொடராமல், பட்டியலை எடுத்துப் பழைய சூழலைக் கட்டி, எந்தத் தொகுப்பு மாறியது என்று பாருங்கள்.