மார்ஃபினா, புப்ரெனார்ஃபினா: ஒரே ஏற்பியில் இரண்டு விதமான வேலை

மார்ஃபின், புப்ரெனார்ஃபின் இரண்டும் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்துகள். இரண்டும் போய் ஒட்டிக்கொள்வது மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற அதே மியூ ஓபியாய்டு ஏற்பியில்தான் (ஏற்பி என்றால் மருந்து வந்து ஒட்டுகிற, செல்லின் மேலுள்ள புரதம்). ஒட்டிய பிறகு செல்லுக்குள் நடப்பதுதான் வேறு.

மார்ஃபினை முழு அகோனிஸ்ட், அதாவது ஏற்பியை முழுமையாகத் தூண்டும் மருந்து என்று வகைப்படுத்துகிறார்கள். டோஸ் ஏற ஏற வலி குறையும், கூடவே மூச்சும் மட்டுப்பட்டுக்கொண்டே போகும், அதிலேதான் உயிராபத்து. புப்ரெனார்ஃபின் பகுதி அகோனிஸ்ட், ஓரளவுக்குத்தான் தூண்டும். ஏற்பிகள் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டாலும் ஜி புரதம் (ஏற்பியின் சைகையைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) வழியாக உள்ளே போகும் சைகை ஓர் அளவுக்கு மேல் ஏறாது, அதனால் மூச்சு மட்டுப்படுவதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்த வரம்பை நம்பவே கூடாது.

அப்போ புப்ரெனார்ஃபின் பலவீனமான மருந்தா? இல்லவே இல்லை, பலரும் குழம்புவது இங்கேதான். ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பது ஒன்று, பிடித்தபின் எவ்வளவு தூண்டுகிறது என்பது இன்னொன்று. புப்ரெனார்ஃபினின் பிடி மிக இறுக்கம். மார்ஃபினுக்குப் பழகிய உடலில், மார்ஃபின் ஏற்பியில் இருக்கும்போதே புப்ரெனார்ஃபினைக் கொடுத்தால், மார்ஃபினைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, குறைவாகவே தூண்டும். வாந்தி, நடுக்கம், வியர்வை என, பழகிய மருந்து நின்றுபோனால் வருகிற விலகல் அறிகுறிகள் திடீரென்று வரும். அதனால்தான் முதல் டோஸுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஓபியாய்டுகளை ஏற்பியிலிருந்து விலக்கும் மாற்று மருந்தான நலாக்சோன் கொடுத்தாலும் மார்ஃபின் எளிதில் விலகிவிடும், புப்ரெனார்ஃபினை விலக்க நலாக்சோன் அதிக அளவு தேவைப்படலாம்.

கடும் வலிக்கு, ஏற்றி இறக்கிக் கொடுக்க, என் ஓட்டு மார்ஃபினுக்கு. ஓபியாய்டு அடிமைத்தனத்திலிருந்து மீட்க புப்ரெனார்ஃபின்தான்.