ஹெட்போன் ஒலியைத் திருத்த ஈக்யூவா, புதுப் பேடா?

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்குத் துணி காயாது, அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும். ஹெட்போனில் காதைச் சுற்றிப் பதிகிற மெத்தையான பேடும் இதே சாரலில்தான் கெடுகிறது என்று எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆனது.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பாதி வேலை தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம். மீதி ஆரியங்காவு தாண்டிப் புனலூர், கொட்டாரக்கரை. ஒரு வாரம் நாதஸ்வரமும் தவிலும், மறு வாரம் செண்டை. எல்லாவற்றுக்கும் ஒரே ஹெட்போன். காதை முழுக்க மூடுகிற ஸ்டுடியோ வகை, உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் 40 மில்லிமீட்டர்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். “தம்பி, தவில் மட்டும் குமுகுமுன்னு கேக்கு, மந்திரமே காதுல விழல.” அவர் வீட்டு ஸ்பீக்கரில் போய்க் கேட்டேன். அவர் சொன்னது சரி. என் ஹெட்போனில் தவிலின் தடித்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கேட்கவே இல்லை என்பதால், நானே அடிச்சத்தத்தை, அதாவது பேஸை, ஏற்றி வைத்திருந்தேன்.

ஹெட்போனைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. மென்பொருளில் ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டு, வேண்டிய ஒலியை மட்டும் ஏற்றி இறக்கலாம், அல்லது பேடை மாற்றலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு பேடுக்குத்தான்.

ஈக்யூவின் நன்மைகள் தெரிந்தவைதான். காசு கிடையாது, பிடிக்காவிட்டால் ஒரு கிளிக்கில் பழையபடி ஆக்கிவிடலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலிகள் இருக்கின்றன. ஆடியோ கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எது எவ்வளவு இருந்தால் பெரும்பாலான காதுகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு கோடாக வரைந்தார்கள். அந்தக் கோட்டுக்கு ஏற்ற அளவுகள் பல மாடல்களுக்கு ஆட்டோஈக்யூ திட்டத்தில் தயாராகக் கிடைக்கின்றன. எதையாவது 6 டெசிபல் ஏற்றினால், செயலியில் மொத்த ஒலியளவைக் குறிக்கும் ப்ரீஆம்ப்பை அதே அளவு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உச்சத்தில் ஒலி கிழியும்.

ஈக்யூவால் மட்டுமே முடிகிற வேலையும் ஒன்று உண்டு. என் ஹெட்போனில் 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள் இருந்தது. ஐயர் “ஸ்வாஹா” என்று சொல்லும்போதெல்லாம் காதில் குத்தும். அந்த இடத்தை மட்டும் 3 டெசிபல் இறக்கினேன், அடங்கிவிட்டது. இத்தனை குறிவைத்து எந்தப் பேடும் திருத்தாது.

அடிச்சத்தம் வேறு கதை. முதலில் நானும் ஈக்யூவில்தான் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் ஏற்றினேன். தொப்பி கேட்டது. மறுநாள் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பாதி காணோம். கண்ணாடியைக் கழற்றினால் கொஞ்சம் வந்தது, அதுவும் இடது பக்கம் மட்டும். எரிச்சலில் இரண்டு கப்பையும் உள்ளங்கையால் அழுத்தினேன். தொப்பி திம்மென்று வந்தது. கையை எடுத்தேன், போய்விட்டது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். தவில் இல்லாவிட்டால் செண்டையின் வலந்தலையைக் கேளுங்கள். (மலைக்கு அந்தப் பக்கம் வலந்தலைதான் தடித்த ஒலி. நம் தவிலில் அது கூர்மையான பக்கம். புனலூர்க்காரர்களோடு பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) அழுத்தினால் அடிச்சத்தம் சட்டென்று கூடுகிறதென்றால் உங்கள் பேடில் காற்று கசிகிறது. என்னுடையது போலப் பின்பக்கம் மூடிய ஹெட்போனில் டிரைவருக்கும் காதுக்கும் நடுவே அடைபட்ட காற்றுதான் தாழ்ந்த ஒலியைச் சுமக்கிறது. பேடின் ரெக்சின் உரிந்தோ ஸ்பாஞ்சு அமுங்கியோ ஒரு சந்து விழுந்தால் முதலில் வெளியேறுவது அந்த ஒலிதான்.

சந்து எவ்வளவு பெரியது என்று ஈக்யூவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அது மாறுகிறது, இடது வலது ஒன்றுபோல இருப்பதில்லை. 6 டெசிபல் ஏற்றினால் டிரைவருக்குப் போகும் சக்தி நான்கு மடங்கு. அதில் ஒரு பங்கு கசிவு வழியாக வீணாகப் போகிறது, டிரைவர் மட்டும் திணறுகிறது. தயார் நிலையில் கிடைக்கும் அளவுகளும் நல்ல பேட் போட்டு அளந்தவை. உரிந்த பேடில் அவை பொருந்தாது.

பேடில் நான் மூன்று முறை தடுமாறினேன். முதலில் பஸ் ஸ்டாண்டு அருகே சீட் கவர் தைக்கிற அண்ணாச்சியிடம் போனேன். “தம்பி, இதுக்கு மெலிசா ரெக்சின் வேணும்லா, எங்கிட்ட உள்ளது பைக் சீட்டுக்கு” என்றார். இருந்தாலும் ஒரு உறை தைத்துக் கொடுத்தார். தையல் அழகாக இருந்தது, ஆனால் விறைப்பு. காதோரம் பதியவே இல்லை.

அடுத்து ஆன்லைனில் 350 ரூபாய்க்குத் தடிமனான பேட். மெத்தை மாதிரி இருந்தது. ஆனால் டிரைவர் காதிலிருந்து தள்ளிப்போய், மணப்பெண் பேசுவது பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் ஆகிவிட்டது. மூன்றாவது வெல்வெட் போன்ற துணிப் பேட். வேர்க்காது, உரியாது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் துணி வழியே காற்று போகிறது, அடிச்சத்தம் குறைந்தது. ஆனாலும் இந்தக் குறைவு இரண்டு பக்கமும் ஒரே அளவு, நாளுக்கு நாள் மாறாதது. அதனால் இங்கே ஈக்யூ சரியாக உதவியது. பாட்டு கேட்க மட்டும் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

என் வேலைக்குக் கடைசியில் நின்றது, பழைய பேடின் அதே வடிவம், அதே ஆழம், அதே ஓட்டை அளவு கொண்ட 1,300 ரூபாய்ப் பேட். மாட்டிய அன்று ஈக்யூவை முழுக்க அணைத்துவிட்டு அந்தக் கல்யாணத்தைத் திரும்பப் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா சொன்ன அதே குமுகுமுப்பு இப்போது எனக்கும் கேட்டது. எல்லாவற்றையும் திருத்தி அவருக்கு மறுபடி அனுப்பினேன்.

இனி பராமரிப்பு. நம் ஊர்க்காரர்கள் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டியது இதுதான். இந்தப் பேடுகளின் மேல்தோல் பாலியுரேத்தேன். காற்றின் ஈரமே அதன் கட்டமைப்பை மெல்ல அறுக்கிறது. வேர்வையும் தலையில் தேய்க்கிற தேங்காய் எண்ணெயும் கூடச் சேர்ந்தால் சீக்கிரம் உரியும். கறுப்புத் துகள் காதுமடலில் ஒட்டிக்கொண்டு, அம்மா “என்னல இது, கரியா?” என்று கேட்கும்போது பேட் ஏற்கெனவே போயிருக்கும். வேலை முடிந்ததும் காய்ந்த மெல்லிய துணியால் துடைக்கிறேன். சாரல் மாதங்களில் மூடிபோட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு ஜோடி வாங்கிச் சேர்க்காதீர்கள். பையில் கிடந்தாலும் ஈரம் அதைத் தின்னும்.

இதெல்லாம் மூடிய வகைக்கு. பின்பக்கம் திறந்த ஹெட்போனை ஒரு நண்பர் வீட்டில் இரண்டு மணி நேரம்தான் கேட்டிருக்கிறேன். அழுத்திப் பார்த்தபோது அதில் இத்தனை மாற்றம் தெரியவில்லை. ஆட்டுத்தோல் பேடும் நான் மாட்டிப் பார்த்ததில்லை.

இப்போது ஈக்யூவில் அந்த 9 கிலோஹெர்ட்ஸ் இறக்கம் ஒன்று மட்டும் இருக்கிறது. பேடின் உள்விளிம்பில் மாட்டிய மாதத்தைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை அதே தவில் பகுதியைப் போட்டு, உள்ளங்கையால் இரண்டு கப்பையும் அழுத்திப் பார்க்கிறேன்.