கள்ளிச்செடியின் உச்சியில் பூவா? தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

வீட்டில் வைக்கச் சின்னக் கள்ளிச்செடி வாங்கப் போகிறவர்கள், அதுவும் உச்சியில் பூவோடு இருக்கும் செடியைத் தேடுகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பூ செடியில் பூக்காமல் பசை வைத்து ஒட்டியதாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படிப்பட்ட செடிதான்.

ராமநாதபுரத்தில் விடுமுறைக் காலத்தில் போட்டிருந்த தற்காலிகக் கடை ஒன்றில் என் அக்கா அதை வாங்கினாள். உருண்டைக் கள்ளி, தலையில் மஞ்சள் பூ, வெள்ளைப் பீங்கான் தொட்டி, மேலே வண்ணக் கூழாங்கற்கள். பூ இருப்பதால் விலையும் அதிகம். “உயிருள்ள பூதானா தம்பி?” என்று கேட்டிருக்கிறாள். “சந்தேகமே வேண்டாம் அக்கா. இரவில் மூடும், வெயில் ஏறினால் விரியும், வீட்டில் வைத்துப் பாருங்கள்” என்றானாம் கடைக்காரன்.

கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அவன் சொன்னபடியே நடந்ததுதான் கொடுமை. இரவில் கடற்காற்றின் ஈரம் ஏறியதும் இதழ்கள் குவிந்துகொண்டன, மறுநாள் உச்சிப் பொழுதில் மலர்ந்தன. அது ஸ்ட்ராஃப்ளவர் என்ற ஆஸ்திரேலியப் பூ. பறித்துக் காயவைத்த பிறகும் அதன் இதழ் போன்ற செதில்கள் ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் விரியும். அதற்கு உயிர் தேவையில்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் விற்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாரக்கணக்கில் வாடாமல் நின்றபோதுதான் எனக்கு உறுத்தியது. கள்ளிப் பூ பெரும்பாலும் சில நாட்களில் வதங்கிவிடும். விரலால் தொட்டேன், காகிதம் போலச் சரசரத்தது. அடியில் கண்ணாடித் துளி போல உறைந்த பசை, அதற்குள் சிக்கிய முட்கள். மெதுவாக அசைத்ததும் பூவோடு உச்சித் தோலும் சேர்ந்து பிய்ந்து வந்தது. உச்சிதான் உருண்டைக் கள்ளியின் வளரும் முனை. அங்கே சூடான பசையை வைப்பவனுக்குச் செடிமேல் துளி இரக்கமும் கிடையாது.

கூழாங்கற்களும் ஒரே தட்டாக ஒட்டப்பட்டிருந்தன. தொட்டியின் அடியில் ஓட்டையே இல்லை. ஊற்றிய தண்ணீர் போக வழியின்றித் தேங்கி, வேர் கறுத்து நாறியது. திருப்பிக் கொண்டுபோனால், “செடிக்கு உத்தரவாதம் கிடையாது அக்கா, தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்” என்று பழியை அவள் மேலேயே போட்டுவிட்டான். பொய்ப் பூவை விற்றதைவிட இந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு அதிகக் கோபம்.

ஆகவே பூவைத் தொட்டுப் பாருங்கள். உண்மையான கள்ளிப் பூ மென்மையாக, ஈரப்பதத்தோடு இருக்கும். கல்லை நகத்தால் நகர்த்துங்கள், தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். பச்சைத் தண்டின்மேல் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டை அமர்ந்திருக்கும் மூன் கேக்டஸ் வேறு வகை. அது ஒரு கள்ளியின்மேல் இன்னொரு கள்ளியை இணைத்து வளர்த்த ஒட்டுச்செடி, மோசடி அல்ல. ஆனால் மேல் உருண்டையில் பச்சையம் கிடையாது, கீழ்த்தண்டு போனால் அதுவும் போய்விடும். நல்ல கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்பார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கல் தட்டை உடைத்து எடுத்துவிட்டு, செடியை வெளியே எடுங்கள். அழுகிய வேரை வெட்டி, நிழலில் சில நாள் காயவிட்டு, ஓட்டையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். நம் பக்கத்தில் கைக்கெட்டும் கடல் மணலைக் கலக்காதீர்கள், உப்பு வேரைக் கெடுத்துவிடும். ஆற்று மணல்தான் சரி. உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். மண் முழுக்கக் காய்ந்த பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

எது வாங்கினாலும் ரசீது கேளுங்கள். ரசீதோடு இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்வது எளிது. அக்கா கேட்டபோது, செடிக்கெல்லாம் ரசீது போடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.