1,850 வெள்ளி கொடுத்து கார் பானெட்டில் (இன்ஜின் மூடியில்) ஓட்டை வாங்கினேன்

நேத்து ராத்திரி இங்க மலேசியாவுல காராக் நெடுஞ்சாலை ஓரத்துல ஒன்றரை மணி நேரம் நின்னுட்டு வந்து எழுதுறேன். கோபம் இன்னும் அடங்கல.

என் வண்டி 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். ஊருக்குள்ள தொந்தரவே இல்ல. நெடுஞ்சாலையில மேடு ஏறினா மட்டும் இன்ஜின் சூடு 100 டிகிரியைத் தாண்டும். இன்ஜின் தண்ணியை ஆற வைக்கிற ரேடியேட்டருக்குக் காத்து பத்தலன்னு புரிஞ்சுது. இணையத்துல விளம்பரம் பார்த்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்குப் போனேன். பேரு வேணாம்.

"அண்ணே, காசுக்காக செய்யல, இந்த வண்டின்னா எனக்குப் பைத்தியம்"னான் பட்டறைக்காரன். சாமி படத்துக்கு முன்னால எரிஞ்ச ஊதுபத்தியை எடுத்துவந்து முன்பம்பர் வாய்கிட்ட பிடிச்சான். ரேடியேட்டர் காத்தாடி (ஃபேன்) சுத்த, புகை நூல் மாதிரி நேரா உள்ள போச்சு. "இப்ப பானெட்ட பின்பக்கம் வெட்டிட்டா சூடு மேல பறந்துடும்ணே." அங்கேயே 1,850 வெள்ளி (ரிங்கிட்) குடுத்துட்டேன். ரசீது கேக்கல. ஊதுபத்தி காட்டுறவன்கிட்ட எப்படிக் கேக்குறது?

முன்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால ரெண்டு இடத்துல வெட்டினான். முன்பம்பருக்கு அடியில இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தட்டை, "இது காத்தை அடைக்குது"ன்னு கழற்றி மூலையில போட்டான்.

நேத்து அதே காராக் சாலையில, கெந்திங் செம்பா ஏத்தத்துல சூடு 114 டிகிரி. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணி) பொங்கி முன்கண்ணாடியில தெறிச்சுது.

ராத்திரி முழுக்கப் படிச்சதுல தெரிஞ்சது: வேகமா ஓடுறப்ப முன்கண்ணாடி அடியில காத்து முட்டி அழுத்தம் கூடும். அங்க ஓட்டை போட்டா காத்து வெளிய போகாது, உள்ளதான் வரும். அப்புறம் ரேடியேட்டர் வழியா வர்ற காத்துக்குப் போக்கிடம் ஏது? முன்வாயில நுழையற காத்தைக் கீழ நழுவ விடாம ரேடியேட்டருக்கு அனுப்புறதே அந்தக் கறுப்புத் தட்டுதான். அவன் காட்டின புகை, நிக்கிற வண்டியில காத்தாடி இழுத்த புகை. ஓட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

காலையில கூப்பிட்டா, "வண்டி பழசுண்ணே, தெர்மோஸ்டாட்டா இருக்கும்." 11 மணிக்கு, "வாட்டர் பம்ப் பாருங்க." மத்தியானம், "அவுட்ஸ்டேசன்ல இருக்கேன் பாஸ்." மத்தியானத்துக்குள்ள அண்ணன் பாஸ் ஆயிட்டேன். 4 மணிக்கு வேற யாரோ எடுத்து, அவரு வேலையை விட்டுப் போயிட்டாருன்னாங்க. அவனோட சொந்தப் பட்டறை அது! என் கறுப்புத் தட்டையாவது குடுங்கன்னேன். வீசியாச்சாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டினா புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாத நான் 1,850 வெள்ளிக்கு எதைக் காட்டுறது, ஊதுபத்திச் சாம்பலையா?

இதே வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு விவரமா எழுத நினைச்சேன், கை ஓடல. அடித்தட்டைக் கழற்ற விடாதீங்க. ரேடியேட்டர் ஓரத்து இடுக்கை ஸ்பாஞ்சு வச்சு அடைங்க. ரேடியேட்டரோட மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாயிருந்தா ரேடியேட்டரையே மாத்துங்க. பானெட்ட வெட்டித்தான் ஆகணும்னா ரேடியேட்டருக்கு ஒட்டிப் பின்னால, கண்ணாடிப் பக்கம் வேண்டவே வேண்டாம். ரசீது வாங்குங்க.

மழை பிடிச்சிடுச்சு. ஓட்டை மேல தார்ப்பாய் போடப் போறேன்.