பொங்கல் தொடுகறிக்கு உதகை உழவர் சந்தை: எதை வாங்கலாம், எப்படிச் சமைக்கலாம்

பொங்கலன்று இலையில் நாலு தொடுகறி வைக்க நினைக்கும் வீட்டுக்கு, உதகையில் காய் வாங்க உழவர் சந்தைதான் முதல் இடம். விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலை பலகையில் இருக்கிறது. விடிந்ததும் போனால் இளங்காயாகப் பொறுக்கி எடுக்கலாம். வெயில் ஏறிய பிறகு போனால் மற்றவர்கள் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும். துணிப்பை இல்லாமல் போகாதீர்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

குறை என்று சொன்னால், பொங்கல் குழம்புக்கான சேனை, சர்க்கரைவள்ளி, பரங்கி போன்றவற்றுக்கு இதை நம்பியிருக்க முடியாது. அவை சமவெளிக் காய்கள், மார்க்கெட் கடைகளில் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கே மலைக்காய்தான் பலம்.

தை மாதத்தில் பனியை மனத்தில் வைத்துக் காயைப் பாருங்கள். குளிர் ஏற ஏற கேரட்டிலும் முட்டைக்கோசிலும் இனிப்பு கூடும், இந்த இரண்டையும் தயங்காமல் வாங்கலாம். பீன்ஸ் உறைபனியைத் தாங்காது. காயில் நீர் கோத்த மாதிரிக் கண்ணாடிப் புள்ளி இருந்தால் அது பனி பட்டது, மறுநாளே அழுகும். நடுவில் ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். நார் தொங்கினால் முற்றல். கேரட்டில் மண் ஒட்டியிருப்பதே மேல். இயந்திரத்தில் கழுவிய கேரட் பளபளவென்று இருந்தாலும் மேல்தோல் உரசிப்போயிருக்கும், சீக்கிரம் பிசுபிசுக்கும். பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வாங்குபவர்கள் மண்ணோடு வாங்கி, இலையை மட்டும் கிள்ளிவிட்டு வையுங்கள். இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துவிடும்.

இனி அடுப்பு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று கடிகாரத்தை நம்பினால் பருப்பு நறுக்கென்று நிற்கும். சமவெளியிலிருந்து விடுமுறைக்கு வந்து சமைப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எட்டுப் பேருக்கு மேரக்காய்க் கூட்டு என்றால் காய் முக்கால் கிலோ, பாசிப்பருப்பு 100 கிராம். (சமவெளியில் சௌசௌ என்பார்கள்.) பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, சமவெளியில் இரண்டு விசில் விடுபவர்கள் இங்கே மூன்று விடுங்கள். குக்கருக்குள்ளும் சூடு சமவெளியைவிடச் சில டிகிரி குறைவுதான். மேரக்காயின் பால் கையில் ஒட்டித் தோலை இழுக்கும், கையில் எண்ணெய் தடவிக்கொண்டோ தண்ணீருக்குள் வைத்தோ தோல் சீவுங்கள். பிஞ்சாக இருந்தால் உள்விதையையும் போடலாம். காயே தண்ணீர், அரை டம்ளருக்கு மேல் ஊற்றினால் கூட்டு சாம்பாராகிவிடும். நாலு மேசைக்கரண்டி தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், மூன்று பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி ஒரே கொதியில் இறக்குங்கள். புளியோ தக்காளியோ சேர்க்கும் வழக்கம் இருந்தால் பருப்பு குழைந்த பிறகுதான். முன்னால் போட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும், எத்தனை நேரம் எரித்தாலும் மசியாது. சோடா உப்பு போட்டு அவசரப்படுத்தாதீர்கள், மணமும் போகும், காயும் கூழாகும்.

பீன்ஸ் கேரட் பொரியலுக்குப் பீன்ஸ் அரை கிலோ, கேரட் கால் கிலோ. தாளித்ததும் பீன்ஸை மட்டும் போட்டு, முதல் இரண்டு நிமிடம் மூடி போடாமல் வதக்குங்கள். காயிலிருந்து வரும் புளிப்பு ஆவி வெளியேறாவிட்டால் பச்சை நிறம் மங்கிப் பாசி நிறமாகும். பிறகு கைத்தண்ணீர் தெளித்து, மூடி, பாதி வெந்ததும் கேரட். சேர்ந்து போட்டால் இளங்கேரட் குழைந்து பீன்ஸ் பச்சை வாடை அடிக்கும். சர்க்கரை வேண்டவே வேண்டாம். தேங்காய்த்துருவல் அடுப்பை அணைத்த பிறகு.

உருளை வறுவலில் ஒரு சங்கதி உண்டு. கடுங்குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும்; வாணலியில் போட்டதும் உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும், நாக்கில் தித்திக்கும். ஒரு வாரம் முன்பே வாங்கி, சமையலறையில் அடுப்புக்கு அருகே வெளிச்சம் படாமல் சாக்கில் வைத்தால் ஓரளவு சரியாகும். நகத்தால் சுரண்டியதும் தோல் உரிந்தால் புதுக்கிழங்கு, வறுவலுக்கும் காரக்கறிக்கும் பொருந்தும், மசியலுக்குச் சரிவராது. பச்சை ஏறிய கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

பீட்ரூட்டைக் காம்பு ஓர் அங்குலம் விட்டு, வாலோடு முழுதாக வேகவைத்தால் சாயம் தண்ணீரில் போகாது. முட்டைக்கோஸ் பட்டாணிக்குச் சொல்ல அதிகம் இல்லை. கோஸ் கையில் கனக்க வேண்டும், பட்டாணிக் காயை உரசினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும்.

மார்கழி, தையில் இங்கே தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்திருக்கும். பொரியல் இலைக்கு வருவதற்குள் ஆறினால் அந்தக் கொழுப்பு திரும்ப உறைந்து நாக்கில் மெழுகாக ஒட்டும். அதனால் கூட்டையும் பீட்ரூட்டையும் முன்பே முடித்து மூடி வைத்து, பந்திக்குமுன் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பொரியலைச் சாதம் வடித்த பிறகு, கடைசியாக, எல்லோரும் உட்காருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஏற்றுங்கள்.