150-600 ஜூம் லென்ஸ்: மூன்று வருடம் தோளில் சுமந்த பிறகு

வாங்கிய முதல் மாதத்தில் இந்த விமர்சனத்தை எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம் கொடுத்து, கூடவே நாலு வசையும் சேர்த்திருப்பேன். அவ்வளவு கடுப்பில் இருந்தேன். 600இல், அதாவது மில்லிமீட்டர் கணக்கில் லென்ஸை முழுதாக நீட்டித் தூரத்தைக் கிட்டே இழுக்கும் நிலையில், எடுத்த எந்தப் படமும் கூர்மையாக இல்லை, பறவையின் கண் எங்கே இறகு எங்கே என்று தெரியாமல் எல்லாம் வெண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெட்டி, தெர்மாகோல் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பெட்டி இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது, லென்ஸ் என் தோளில் தொங்குகிறது. இப்போது என் மார்க் ஐந்துக்கு நாலு.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போய்விடும். சிக்மா, டாம்ரான் இரண்டும் 150-600 செய்கின்றன, நிக்கானில் 200-500 இருக்கிறது, சோனியில் 200-600. எல்லாம் ஒரே குடும்பம்தான். என்னுடையது ஜூம் செய்தால் தும்பிக்கை மாதிரி முன்னால் நீளும் வகை, எடை கிட்டத்தட்ட 2 கிலோ, 600இல் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் வாய், எஃப்/6.3 (இந்த எண் சின்னதானால் வாய் பெரிது). முன்பக்கம் 95 மில்லிமீட்டர் ஃபில்டர் போடும் அளவுக்கு அகலம். ஏன் இவ்வளவு பெரிய கண்ணாடி என்று கேட்பவர்களுக்குக் கணக்கு எளிது: 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95 வரும், அதைவிடச் சின்னக் கண்ணாடி வைத்து அந்த அப்பர்ச்சரைக் கொண்டுவர முடியாது. இதே 600ஐ எஃப்/4இல் வேண்டும் என்றால் முன்கண்ணாடி 150 மில்லிமீட்டர் ஆகிவிடும், எடையும் விலையும் அதற்கேற்ப எங்கேயோ போகும்.

சரி, அந்த முதல் மாதக் கதை.

முதல் குற்றவாளி நான் ஆசையாக வாங்கி மாட்டிய யுவி ஃபில்டர். இவ்வளவு பெரிய கண்ணாடிக்குக் கீறல் விழுந்துவிடுமே என்ற பயம். நல்ல ஃபில்டர் 95 அளவில் வாங்கப் போனால் கை கடிக்கும், அதனால் கிடைத்ததில் மலிவானதை வாங்கி மாட்டினேன். 24 மில்லிமீட்டர் லென்ஸில் மலிவு ஃபில்டர் போட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் 600இல் அந்தக் கண்ணாடியில் இருக்கும் இம்மியளவு வளைவுகூட படத்தைக் குழப்பிவிடும், ஆட்டோ போக்கஸும் தடுமாறும். மூன்று வாரம் கழித்துத் துடைப்பதற்காகக் கழற்றியபோது, மாட்ட மறந்து இரண்டு படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மீன்கொத்தியின் அலகில் ஒட்டியிருந்த நீர்த்துளி தெரிகிறது. அன்றிலிருந்து ஃபில்டர் இல்லை. கண்ணாடிக்குப் பாதுகாப்பு என்றால் கூடவே வரும் ஹூட், அதாவது முன்னால் மாட்டும் குழல் மூடாக்கு, போதும். அடி பட்டால் முதலில் அது வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டு வெயிலையும் தடுக்கும். (ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அது பையில் வைப்பதற்கான நிலை ஐயா.)

இரண்டாவது குற்றவாளி காற்று. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆனது. உச்சி வெயிலில், சூடேறிய தரைக்கு மேல், நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒன்றைப் படம் எடுத்தால் இடையில் இருக்கும் காற்று கொதிக்கிற வெந்நீர் மாதிரி அலைந்துகொண்டிருக்கும். தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தேங்கியது போல மினுங்குமே, அந்தச் சங்கதிதான். எந்த லென்ஸாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது. ஒரே இடத்தில் பத்து படம் எடுத்தால் பத்தும் வேறு வேறு மாதிரி கலங்கியிருக்கும், அதுதான் அடையாளம். லென்ஸ் கோளாறு என்றால் பத்தும் ஒரே மாதிரி மோசமாக இருக்கும். மருந்து இரண்டே இரண்டு: காலையில் சீக்கிரம் எழுந்திரு, இல்லையென்றால் கிட்டே போ. கார் ஜன்னல் வழியாக எடுப்பவர்களும் கவனியுங்கள், உள்ளே ஏசி குளிரும் வெளியே சூடும் கலக்கும் இடத்தில், அதாவது உங்கள் லென்ஸின் மூக்கு நுனியிலேயே, இதே அலைச்சல் நடக்கும்.

மூன்றாவது குற்றவாளி நான். குவியத் தூரம் எவ்வளவோ அதன் தலைகீழ்தான் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று பழைய சூத்திரம் ஒன்று உண்டு, 600 என்றால் 1/600 வினாடி. என் கேமராவில் இருப்பது க்ராப் சென்சர் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான புல் ஃப்ரேமைவிடச் சின்னது), பார்வைக்கு 900க்குச் சமம், அப்போது 1/1000 வைப்பது நல்லது. நான் என்ன செய்தேன்? ஐஎஸ்ஓ, அதாவது சென்சரின் ஒளி உணர்வு அளவு, ஏறினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று பயந்து 1/250இல் எடுத்தேன், அதுதான் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறதே என்ற தைரியத்தில். அந்த வசதி நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், குருவி தலையைத் திருப்புவதை அது எப்படிப் பிடிக்கும்? கை நடுக்கத்தை நிறுத்தும் இந்தத் தொழில்நுட்பம் மாற்று லென்ஸ்களில் 1995இல் கேனான் 75-300 வழியாக வந்தது, இத்தனை வருடத்தில் எவ்வளவோ முன்னேறியும் பறவையை அசையாமல் உட்காரவைக்க மட்டும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1000, பறக்கிறதற்கு 1/2000, ஐஎஸ்ஓ எங்கே போனாலும் போகட்டும் என்று விட்ட பிறகுதான் படம் படமாக வர ஆரம்பித்தது. புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், ஆடின படத்தை எவனாலும் மீட்க முடியாது.

அப்புறம் ட்ரைபாடில் வைத்தால் ஆட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். சில லென்ஸ்கள் ட்ரைபாடில் இருப்பதைத் தாங்களே புரிந்துகொள்ளும், என்னுடையதற்கு அந்தப் புத்தி இல்லை, இல்லாத ஆட்டத்தைத் தேடித் தேடித் தானே ஆட்டி வைத்தது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு மிச்சம் இருந்ததுதான் லென்ஸின் உண்மையான குணம். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லதே அதிகம்.

150இலிருந்து 500 வரை சாதாரணமாகவே கூர்மை. 600இல் முழுதாகத் திறந்து எஃப்/6.3இல் கொஞ்சம் மென்மை, எஃப்/8க்கு வந்தால் தெளிந்துவிடும். வெளிச்சம் இருந்தால் நான் எஃப்/8ஐ விட்டு நகர்வதே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. 600இல், எஃப்/6.3இல், பத்து மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் வெறும் பத்து சென்டிமீட்டர் போலத்தான், அதுவும் புல் ஃப்ரேம் கணக்கில். ஐந்து மீட்டருக்கு வந்தால் இரண்டரை சென்டிமீட்டர். கொக்கின் அலகு நுனி தெளிவாக, கண் கலங்கலாகப் போவதற்கு அது தாராளம். பின்னணி மட்டும் பட்டுத் துணி மாதிரி கரைந்து வழியும், அதற்காகவே இந்த லென்ஸை வைத்திருக்கலாம்.

நிலாவையும் எடுத்துப் பார்த்தேன், எல்லோரும் முதலில் அதைத்தானே எடுப்போம். 600இல் சென்சார்மேல் நிலாவின் விட்டம் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர்தான் விழும். திரையை நிறைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம், ஆனால் பள்ளங்கள் எண்ணும் அளவுக்குத் தெரியும். முழு நிலாவைவிட பாதி நிலாவில், இருளும் ஒளியும் சேரும் கோட்டருகே, பள்ளங்கள் இன்னும் அழகு. சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். இந்த அளவு கண்ணாடி வெயிலைக் குவித்தால் அப்பர்ச்சர் இதழும் சென்சாரும் பொசுங்கும், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை நேரடியாகக் கண்ணால் பார்க்கும் வ்யூஃபைண்டர் கேமரா என்றால் உங்கள் கண்ணும் போகும். கிரகணம் எடுக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் சூரிய ஃபில்டரை லென்ஸின் முன்பக்கம் மாட்டித்தான் எடுக்க வேண்டும்.

புதிதாக வாங்கியவர்களுக்கு வரும் பெரிய சிக்கல், பறவை எங்கே என்றே தெரியாமல் போவது. 600இல் நாம் பார்ப்பது சுமார் மூன்றரை டிகிரி அகலம் (க்ராப் சென்சரில் அதுவும் சுருங்கும்), வானத்தில் ஒரு ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பது போல. 150இல் வைத்துப் பறவையைப் பிடி, நடுவில் கொண்டுவா, அப்புறம் மெல்ல நீட்டு. இதற்கு விரல் பழக ஒரு வாரம் ஆகும். பக்கவாட்டில் போக்கஸ் எல்லையைக் குறுக்கும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. தூரத்துப் பறவை என்றால் அதைத் தூரத்துக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு முறை குறி தவறினால் மோட்டார் கிட்டேயிருந்து கடைசி வரை போய்த் திரும்பி வருவதற்குள் பறவை அடுத்த மரத்தில் இருக்கும்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் இது கடையைச் சாத்திவிடும், எஃப்/6.3 என்ன செய்யும் பாவம். ஜூம் வளையத்தை 150இலிருந்து 600 வரை ஒரே மூச்சில் திருப்ப முடியாது, நடுவில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட்டு நடந்தால் தானாக நீண்டு முழங்காலில் இடிக்கும், பூட்டு இருக்கிறது, போட மறப்பேன். நீட்டினால் எடைச் சமன் முன்னால் சாய்கிறது, உள்ளேயே ஜூம் ஆகும் 200-600 மாதிரியானவற்றில் அந்தத் தொல்லை இல்லை. எடையைப் பற்றிப் புலம்புவதில் அர்த்தமில்லை, தெரிந்தேதான் வாங்குகிறோம், ஆனாலும் கேமராவோடு சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று கிலோவைக் கண்ணுக்கு நேராக இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். இடது கை லென்ஸுக்கு அடியில், இரண்டு முழங்கையும் நெஞ்சோடு ஒட்டி இருந்தால் கொஞ்சம் தாங்கும். நாள் முழுக்க என்றால் மோனோபாட், அதாவது ஒற்றைக் கால் தாங்கி. தோளில் மாட்டும் வாரை லென்ஸின் காலரில் (அதைச் சுற்றியிருக்கும் பிடி வளையத்தில்) கோர்க்க வேண்டும், கேமராவில் அல்ல, அவ்வளவு எடையும் லென்ஸும் கேமராவும் சேரும் மவுன்ட்டில் தொங்கக் கூடாது.

பராமரிப்பு பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் தூசியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை நீட்டிச் சுருக்கும்போதும் லென்ஸ் காற்றை உறிஞ்சித் துப்புகிறது, அதோடு தூசியும் வரும், மூன்று வருடத்தில் என்னுடையதற்குள் பத்துப் பதினைந்து துகள் இருக்கும். படத்தில் ஒன்றுகூடத் தெரியாது. விட்டுவிடுங்கள். வெளியே படிவதற்கு ப்ளோயர், பிறகு மெல்லிய பிரஷ், அதற்கும் போகவில்லை என்றால்தான் துடைக்க வேண்டும். துடைக்கும் திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடிமேல் ஊற்றினால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். நடுவிலிருந்து வட்டமாக வெளியே. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், சட்டை நுனியால் துடைத்தால் அதிலிருக்கும் மண் கீறும். மாதம் ஒரு முறைகூட எனக்குத் துடைக்க வேண்டி வருவதில்லை.

பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. இதற்கு முன் வைத்திருந்த 70-300ஐ அப்படித்தான் தொலைத்தேன். மழை நாள் முடிந்து வந்து பையோடு அலமாரியில் வைத்தவன் நாலு மாதம் தொடவில்லை, திறந்து பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருக்கிறது. முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் தடம் போகாது. கேமரா பை என்பது தூக்கிப் போகத்தான், வைத்திருக்க அல்ல, அதன் பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ட்ரை கேபினெட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. நான் இன்னும் டப்பாதான். நிறம் மாறும் சிலிகா ஜெல்லாக வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று அதுவே சொல்லும். எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம், அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

குளிர்ந்த அறையிலிருந்து வெக்கையான வெளிக்குப் போகும்போது கண்ணாடி முழுக்கப் பனி மூடும், உடனே துணியை எடுக்காதீர்கள். கிளம்பும் முன் பையை மூடியபடியே வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது.

காட்டு உயிர், விளையாட்டு, விமானம் எடுக்க ஆசைப்படுபவர்கள் தைரியமாக வாங்கலாம். வீட்டு விசேஷம் எடுக்க என்றால் வேண்டவே வேண்டாம், நாலு ஆளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். பழையது வாங்குபவர்கள் பின்மூடியையும் முன்மூடியையும் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள், நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு செய்தித்தாள் ஒட்டிய சுவர் ஒன்றை நேராக நின்று எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். காலர் திருகைத் திருகிப் பார்க்கவும் மறக்காதீர்கள். என்னுடையது இருமுறை தானாகத் தளர்ந்தது, இரண்டாம் முறை ட்ரைபாடில் இருந்தபோது லென்ஸ் கேமராவோடு பொத்தென்று பக்கவாட்டில் சுழன்று நின்றது. கீழே விழவில்லை, ஆனால் எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது, அதற்கு எந்தக் கட்டுப்பாட்டுப் பொத்தானும் உதவவில்லை.